வழியில் நிற்காது

என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, என் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் பலகையை. வெள்ளைப் பலகை, சிவப்பு எழுத்து. ‘பஸ் வழியில் நிற்காது.’ கீழே அதையே மலாயிலும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் என் கையால் எழுதியவை. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், விஷயத்தில் கோணல் கிடையாது.

என் பெயர் சதாசிவம். வயது அறுபத்தொன்று. இருபத்தேழு வருஷமாக ஜொகூர் பக்கத்துச் சிம்பாங் ரெங்கத்திலிருந்து எல்லை தாண்டி சிங்கப்பூர் துவாஸுக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறேன். காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் நாற்பத்திரண்டு பேரும் கார்டு அடித்தாக வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் கார்டில் சிவப்பு மையில் நேரம் விழும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் எச்சரிக்கைக் கடிதம். நடுவில் இரண்டு நாட்டு இமிகிரேஷன், ஒரு பாலம், பாலத்தின் மேல் ஜாம். இத்தனையும் தாண்டி என் பஸ்ஸில் வந்து சிவப்பு வாங்கியவர்கள் மிகக் குறைவு. காரணம் அந்தப் பலகைதான்.

இமிகிரேஷனில் இறங்கிப் போய் வரப் பதினைந்து நிமிடம் கொடுப்பேன். முக்கால்வாசி வரிசைக்கே போய்விடும். பதினாறாவது நிமிடம் கதவு மூடிவிடும். பாத்ரூம் பக்கம் ஒதுங்கிப் பிந்தியவர்கள் வேறு கம்பெனி பஸ்ஸில் கெஞ்சி ஏறி வரவேண்டியதுதான். எனக்கு மட்டும் தனிச் சட்டம் என்று நான் வைத்துக்கொள்ளவில்லை. மற்ற டிரைவர்கள் சீட்டுக்குப் பின்னால் காலி பாட்டில் ஒன்று வைத்திருப்பார்கள், எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. என் சீட்டுக்குப் பின்னால் அது கிடையாது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் பாலத்தில் ஐந்து மணி நேரம் சிக்கிக்கொண்டபோதுகூட நான் அசையவில்லை. டிரைவர்கள் டீ குடிக்கக் கூடும் ஒட்டுக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததில்லை. கேட்டவர்களுக்குக் காது வலித்திருக்கலாம்.

அந்தப் பலகையை எதிர்த்துப் பேசியவள் ஒரே ஒருத்திதான். யோகேஸ்வரி. மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். மின்னணுச் சாமான் செய்யும் ஃபேக்டரியில் லைன் லீடர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கேலாங் பாத்தா நெடுஞ்சாலை ஓய்விடம் வரும் நேரத்தில் எழுந்து முன்னால் வந்தாள்.

“அண்ணே, ரெண்டே நிமிஷம். ரொம்ப அவசரம்ணே.”

“பலகையைப் படிச்சியா? வீட்டுலயே முடிச்சிட்டு வரணும்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஓய்விடம் பின்னால் போய்விட்டது. அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க உடம்புச் சோதனைக்குப் போனேன். அப்படியே பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கலாம் என்று என் மனைவி சந்திரமதியும் கூட வந்திருந்தாள். ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்திருக்கிறேன் என்று கிளினிக் டாக்டர் கேட்டார்.

“ஒரு தடவை,” என்றேன்.

“நாலு தடவை டாக்டர்,” என்றாள் சந்திரமதி. “நான் எண்ணிக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்.”

டாக்டர் அவளைத்தான் நம்பினார். ரத்தம் எடுத்தார். பி.எஸ்.ஏ. என்று ஒரு எண்ணாம். நாலுக்குள் இருக்க வேண்டியது எனக்குப் பன்னிரண்டு இருந்தது. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டுப் பன்னிரண்டு இடத்தில் சதை எடுத்தார்கள். எந்தப் பக்கமிருந்து எடுத்தார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல டக்கென்று ஒரு சத்தம். பன்னிரண்டையும் எண்ணினேன். பதிமூன்றாவது விழுந்தால் சண்டை போடுவதற்குத் தயாராகவே படுத்திருந்தேன்.

முடிவைச் சொன்னவர் டாக்டர் டெஸ்மண்ட். பெக்கோக் என்ற ஊரில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், நன்றாகத் தமிழ் பேசுவார். மூத்திரப் பைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, அதற்குப் பெயர் ப்ராஸ்டேட் என்று படம் போட்டுக் காட்டினார். அறுபத்தொரு வருஷம் கூடவே இருந்த ஒன்றை அன்றைக்குத்தான் எனக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

“அங்கிள், சுத்தி வளைக்க மாட்டேன். கேன்சர்தான். ஆனா சீக்கிரமே புடிச்சிட்டோம். வெளிய எங்கயும் பரவல. கிளீசன் ஸ்கோர் ஏழு.”

“எத்தனைக்கு?”

“பத்துக்கு.”

“பரவால்லையே,” என்றேன்.

“இதுல கம்மியா வாங்குறவருதான் கெட்டிக்காரரு அங்கிள்.”

சந்திரமதி என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நன்றாகவே பயந்தேன். அந்தப் பயத்திலும் நான் பிழைப்பேனா என்று கேட்கவில்லை.

“அப்ப என் பஸ்?” என்று கேட்டேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கதிர் வைத்தியம் செய்யலாம், அல்லது ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்துவிடலாம். இரண்டிலும் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. நான் ஆபரேஷன் என்றேன். எடுக்க வேண்டியதை எடுத்துப் போட்டுவிட வேண்டும், அதுதான் என் குணம்.

“எடுத்துட்டா கொஞ்ச நாளைக்கு மூத்திரம் அடங்காது அங்கிள். பேட் வைக்கணும். சில பேருக்கு ரெண்டு மாசத்துல சரியாகும், சில பேருக்கு ஆறு மாசம், ஒரு வருஷம். ரொம்பக் கொஞ்சப் பேருக்கு முழுசா சரியாகாமலும் போகலாம்.”

கேன்சர் என்ற சொல்லைவிட ‘அடங்காது’ என்ற சொல்தான் என்னைக் கலக்கியது. அடங்காதவன் துவாஸ் பாலத்தில் எப்படி பஸ் ஓட்டுவான்? அந்த சீட் போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? காலை நாலரைக்குச் சாவியைக் கையில் எடுக்காத சதாசிவத்தை எனக்கே தெரியாது.

“இன்னொரு விஷயம்,” என்று டாக்டர் சந்திரமதியையும் பார்த்தார். “தாம்பத்தியத்துக்கு உள்ள நரம்பு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு ஓடுது. முடிஞ்ச மட்டும் அதைக் காப்பாத்துவோம்.”

சந்திரமதி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். “நீங்க முதல்ல ஆளைக் காப்பாத்துங்க டாக்டர்,” என்றாள்.

ஆபரேஷனை ரோபோட்டை வைத்துச் செய்வார்களாம். இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த டிரைவர் முழித்துக்கொண்டான்.

“ரோபோட்டை யாரு ஓட்டுறது?”

“நான்தான். அது தானா ஒண்ணும் செய்யாது. நான் கைய அசைச்சா அது அசையும்.”

“நீங்க எங்க உக்காருவீங்க?”

“அதே ரூம்ல, ஒரு மூலையில. உள்ள இருக்கிறதெல்லாம் எனக்குத் திரையில பெருசாத் தெரியும்.”

“ஓட்டுறவன் வண்டியில உக்காரணும் டாக்டர். மூலையில உக்காந்து ஓட்டுனா எப்படி?”

“ரெண்டு கைக்கும் பிடி இருக்கு அங்கிள். காலுக்குப் பெடலும் இருக்கு.”

பெடல் இருக்கிறது என்றதும் மனசு கொஞ்சம் சமாதானமானது. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்டேன். இருநூறு சொச்சம் என்றார். ஆக்சிடென்ட் ஏதும் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். சந்திரமதி என் தொடையைக் கிள்ளினாள்.

ஊருக்கு ஹெர்னியா என்று சொல்லிவிட்டோம். அது என் யோசனை. ஹெர்னியா என்றால் பாரம் தூக்கி உழைத்தவன் என்று ஒரு மரியாதை இருக்கிறது. கேன்சர் என்றால் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். நாற்பத்திரண்டு பேருக்கும் இடத்தை விளக்கிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. பஸ் முதலாளி மணியத்திடமும் ஹெர்னியா என்றுதான் சொன்னேன். அவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான், பழக்கமும் முப்பது வருஷப் பழக்கம். ஆனாலும் முதலாளி முதலாளிதானே.

“மூணு மாசம் விஜயன் ஓட்டட்டும்,” என்றார் மணியம். விஜயன் எங்கள் கம்பெனியின் மாற்று டிரைவர். “நீ திரும்பி வந்தா வண்டி உனக்குத்தான். ஆனா ஒண்ணு சதா. ஃபேக்டரிக்காரன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம் இது. வந்ததுக்கு அப்புறம் முடியல, கிடியலன்னு ஒரு நாள் என் காதுல விழுந்தாலும் வண்டி விஜயனுக்குத்தான். கோவிச்சுக்காத.”

“என்னைக்கு பாஸ் நான் முடியலன்னு சொல்லியிருக்கேன்?” என்று எகிறிவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் அன்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது ரோபோட்டைப் பார்த்தேன். நாலு கையையும் மடக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை மாட்டி, புது வண்டி மாதிரி நின்றது. மூலையில் டாக்டர் உட்காரும் இடத்தையும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே வரிசையாகப் பெடல்கள்.

“கிளட்ச் இருக்கா டாக்டர்?”

“இருக்கு அங்கிள். நெசமாவே ஒரு பெடலுக்குப் பேரு கிளட்ச்தான்.”

அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வயிற்றில் ஆறு சின்ன ஓட்டைகள், தோளில் வலி. வயிற்றில் அடைத்த காற்று தோளைப் பிடிக்குமாம். கீழே ஒரு குழாய், குழாயின் நுனியில் ஒரு பை. மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பத்து நாள் அந்தப் பைதான் எனக்குக் கூட்டாளி. சந்திரமதி அதை ஒரு சிவப்பு வாளிக்குள் வைத்து, நான் நடக்கும்போதெல்லாம் வாளியோடு பின்னால் வந்தாள்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்பத்தாங்க என்னை விட்டு ரெண்டடி தள்ளிப் போகாம இருக்கீங்க,” என்று கிண்டல் வேறு.

எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் ஐயாசாமி என்னைப் பார்க்க வந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்டவர். தான் கட்டியிருந்த இடுப்பு பெல்ட்டைத் துவைத்து, மடித்து, பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கட்டும் முறையைக் காட்டுகிறேன் என்று என் சட்டையைத் தூக்கிவிட்டார். கட்டியிருந்த சாரத்துக்குள் இருந்த பையை நான் முட்டியால் மறைத்துக்கொண்டேன்.

“என்னாய்யா இது, ஹெர்னியாவுக்கு ஆறு ஓட்டை போட்டிருக்கான்?”

“இப்ப புது மாடல்ங்க,” என்றாள் சந்திரமதி. “ஓட்டை கூட, வலி கம்மி.”

ஐயாசாமி யோசித்துப் பார்த்துவிட்டு, தன் காலத்தில் ஒரே வெட்டுதான் என்று வருத்தப்பட்டார். பெல்ட்டை விட்டுவிட்டுப் போனார். அது இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

குழாயை எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் கம்பீரமாக எழுந்து நின்றேன். அடுத்த நொடி தரை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து இருமினால் போனது, சிரித்தால் போனது, நாற்காலியை விட்டு எழுந்தால் போனது. பாலத்தில் ஐந்து மணி நேரம் அசையாமல் இருந்தவன் ஒரு தும்மலுக்குத் தோற்றுப்போனேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இடுப்புக்குக் கீழ் தசைக்குப் பயிற்சி கொடுக்க ஷர்மைன் என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். மெர்சிங் ஊர்க்காரப் பெண். சிரித்துக்கொண்டே அதட்டுவாள்.

“எனக்கு இதெல்லாம் வேணாம்மா,” என்றேன். “இருபத்தேழு வருஷமா பாலத்துல நான் இந்தப் பயிற்சியைத்தான் செஞ்சுக்கிட்டு வர்றேன்.”

“அப்படியா? எங்க, செஞ்சு காட்டுங்க அங்கிள்.”

மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, வயிற்றை இழுத்து, தொடையை நெருக்கிக் காட்டினேன். முகம் சிவந்திருக்கும். அவள் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

“வயிறு இறுகியிருக்கு. தொடை இறுகியிருக்கு. மூஞ்சிகூட இறுகியிருக்கு. இறுக வேண்டிய தசை மட்டும் சும்மா உக்காந்திருக்கு அங்கிள். நீங்க இத்தனை வருஷமா தப்பான ஆளை வேலை வாங்கியிருக்கீங்க.”

ஒட்டுக்கடையில் நான் விட்ட அத்தனை பெருமையும் அந்த மெத்தையின் மேல் செத்துப்போனது.

“மணிக்கணக்கா அடக்குறது பயிற்சி இல்ல. அது பையைத்தான் கெடுக்கும்,” என்றாள். “உங்க பஸ்ல வர்றவங்களும் இப்படித்தான் அடக்கிக்கிட்டு வர்றாங்களா?”

“அவங்களுக்குப் பழகிப்போச்சு.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

பாலத்தைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் பயிற்சியை விடவில்லை. மூச்சை விட்டுக்கொண்டே, சரியான தசையை மட்டும் மேலே தூக்கிப் பத்து எண்ண வேண்டும், பிறகு விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. சந்திரமதி கார் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, சிவப்பு விளக்கு வந்தால் “புடிங்க” என்பாள், பச்சை வந்தால் “விடுங்க” என்பாள். ஆறாவது வாரம் டாக்டர் டெஸ்மண்ட் கூப்பிட்டார். எடுத்த சுரப்பியின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ரத்தத்தில் அந்த எண் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்றார். சந்திரமதி கார் நிறுத்துமிடத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாள். இரண்டு பேரும் போய் மீ கோரெங் சாப்பிட்டோம். அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

கேன்சர் போய்விட்டது. ஆனால் சீட் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பேட் மூன்றாகி, மூன்று ஒன்றாகி, அந்த ஒன்றில் நின்றுகொண்டது. மூன்று மாதம் முடிந்தது. இன்னும் ஒரு மாதம் கேட்கலாமே என்று சந்திரமதி சொன்னாள். ஒரு மாதம் கேட்டால் முடியவில்லை என்று ஆகிவிடும், விஜயன் அந்த சீட்டில் வேர் விட்டுவிடுவான் என்றேன். டாக்டர் ஓட்டலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை நாலரைக்குச் சாவியை வாங்கிக்கொண்டேன். பேன்ட்டுக்குள் புது பேட், சாப்பாட்டுப் பையில் இன்னும் இரண்டு.

பயணிகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். “வாங்கண்ணே, ஹெர்னியா எப்படி இருக்கு?” என்று ஏதோ என் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். யோகேஸ்வரி என்னையும் பார்த்து, பலகையையும் பார்த்து, “எளச்சிட்டீங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிசைக்குப் போனாள்.

கூலாய் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. செனாயில் ஒரு லாரிக்காரன் குறுக்கே புகுந்தான். அழுத்தி பிரேக் போட்டேன். பஸ் நின்றது, நான் நிற்கவில்லை. கொஞ்சம் போய்விட்டது. சரியான தசையைப் பிடித்தேன். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் இன்னும் கொஞ்சம் போனது. கேலாங் பாத்தாவுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது பேட் கனத்துவிட்டது. முன்னால் பாலம். பாலத்தில் ஜாம் எப்படியும் இருக்கும். துவாஸில் நான் எழுந்திருக்கும்போது நாற்பத்திரண்டு பேரும் என் பேன்ட்டைப் பார்ப்பார்கள். அது மணியத்தின் காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. பஸ்ஸை நிறுத்தினாலும் அவருக்குத் தெரிந்துவிடும், வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் சீட் போகப்போகிறது. போவதுதான் போகிறது, காய்ந்த பேன்ட்டோடு போகட்டும் என்று இடது பக்கம் சிக்னல் போட்டேன்.

டிக் டிக் என்ற அந்தச் சத்தத்தில் பஸ்ஸே முழித்துக்கொண்டது. அந்த இடத்தில் என் பஸ்ஸில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

“என்னாண்ணே, டயரா?” என்று யோகேஸ்வரி கேட்டாள்.

“இல்லம்மா. எனக்குத்தான் போகணும். அஞ்சு நிமிஷம்.”

ஓய்விடத்தில் நிறுத்தி, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஓடினேன். பேட்டை மாற்றிக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் பஸ்ஸில் ஒருவர்கூட இல்லை. நேரமாகிறது என்று வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் பாத்ரூம் வாசலிலிருந்து சூராவ் தொழுகை அறைச் சுவர்வரை ஒரு வரிசை நின்றது. என் பஸ்காரிகள்தான், முப்பதுக்கு மேல். ஆண்கள் எனக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை. முதல் ஆளாகப் போய்விட்டு யோகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இத்தனை பேருக்குமா அவசரம்?” என்று கேட்டேன்.

“தினமும் அவசரம்தான். நீங்க எங்கண்ணே கேட்டீங்க?” அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “எங்க பஸ்ல யாரும் காலையில தண்ணி குடிக்கிறதில்ல, தெரியுமா? எழுந்ததும் வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டு ஏறுவோம். ஃபேக்டரிக்குப் போயிதான் முத வாய்த் தண்ணி. எனக்குப் போன வருஷம் ரெண்டு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன். டாக்டர் தண்ணி குடின்னாரு. எங்க டிரைவரண்ணன்கிட்ட வந்து சொல்லுங்கன்னேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறந்த கவுனைப் போட்டுக்கொண்டு நின்றபோதுகூட அவ்வளவு வெட்கப்படவில்லை. அறுபத்தொரு வயதில் எனக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

“மன்னிச்சிரும்மா,” என்றேன். அவளுக்கு அது பழக்கமில்லாத வார்த்தை, அதுவும் என் வாயிலிருந்து. தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பதினேழு நிமிடம் ஆகிவிட்டது. பாலத்தில் என் உடம்பில் உள்ள அத்தனை வித்தையையும் காட்டி ஓட்டினேன். இமிகிரேஷனில் யாரும் பாத்ரூம் தேடாததால் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்கள், இதையும் நான் அதுவரை யோசித்ததில்லை. ஏழு இருபத்தாறுக்கு ஃபேக்டரி வாசல். ஒருவருக்கும் சிவப்பு விழவில்லை.

துவாஸில் பஸ்ஸை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மணியம்.

“சதா, கேலாங் பாத்தாவுல பதினேழு நிமிஷம் நின்னிருக்குன்னு ஜிபிஎஸ் காட்டுது. என்னா கதை?”

பெண்கள் கேட்டார்கள் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். முப்பது சாட்சி இருக்கிறது. வாய்வரை வந்தது.

“எனக்குத்தான் பாஸ் போக வேண்டியிருந்துச்சு. எனக்கு ஹெர்னியா இல்ல. கேன்சர். ப்ராஸ்டேட்ல. எடுத்தாச்சு, இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா முழுசா அடங்கறதுக்கு இன்னும் நாளாகும். நாளைக்கும் நிறுத்துவேன். எனக்குச் சரியானாலும் நிறுத்துவேன், பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்கும் அதே உடம்புதான். இன்னைக்கு யாரும் சிவப்பு வாங்கல. முடியாதுன்னா சொல்லுங்க, சாவியை விஜயன்கிட்ட குடுத்துர்றேன்.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“சதா,” மணியத்தின் குரல் இறங்கியிருந்தது. “ஆபரேஷனுக்கு முன்ன நீ ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிச்ச?”

“நாலு.”

“எனக்கு அஞ்சுடா.”

“அலமாக். பாஸ், நாளைக்கே போயி ரத்தம் குடுங்க. பயப்படாதீங்க, எல்லாருக்கும் கேன்சரா இருக்காது. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நாளைக்கு நீ எப்படிரா வருவ? பஸ்ஸை யாரு ஓட்டுறது?”

நான் போனை மடியில் வைத்துவிட்டு ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியது. மணியம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அன்று சாயங்காலம் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். புதுப் பலகை வாங்கலாமே என்றாள் சந்திரமதி. பழையதிலேயே இடம் இருக்கிறது என்று சிவப்புப் பெயின்ட்டை எடுத்தேன். ‘பஸ் வழியில் நிற்காது. கேலாங் பாத்தாவில் பதினைந்து நிமிடம் நிற்கும்.’ கீழே மலாயிலும் எழுதினேன். ஏறும்போது எல்லாரும் நின்று படித்தார்கள். அதனாலேயே மறுநாள் மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம். எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த அடக்கம் எனக்கு எப்போதுமே கைவந்ததில்லை, இப்போதுதான் பழகுகிறேன்.

சிம்பாங் ரெங்கம் டோலைத் தாண்டி, விளக்கை அணைத்து, எல்லாரும் தூங்கப்போகும் நேரம். பின்னால் க்ளிக் என்று ஒரு சத்தம். பாட்டில் மூடி திறக்கும் சத்தம். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு அங்கங்கே, கடைசி வரிசைவரை. மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பது எனக்கு இங்கே கேட்டது.

சந்திரமதி வைத்துவிட்ட பாட்டில் என் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து, மூடியைப் பல்லால் திருகி, நானும் குடித்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்து காலையில் நான் தண்ணீர் குடித்தது இருபத்தேழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.